மரத்தூளா, சவுக்குச் சில்லா, சருகா? மூடாக்கு பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் ரோஜா பற்றிய ஒரு பதிலில், போகிற போக்கில் “வேரடியில் மரச்சில்லு மூடாக்குப் போட்டு வையுங்கள்” என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். மூடாக்கு என்றால், ஈரம் காக்கவும் களையை அடக்கவும் மண்ணின் மேல் பரப்பும் போர்வை. ரோஜாவை எல்லோரும் மறந்துவிட்டார்கள், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. பெரும்பாலும் கடலூர், புதுச்சேரி பக்கத்துக் கடிதங்கள். நானும் மஞ்சக்குப்பத்தில் வீட்டைச் சுற்றிப் பாத்தி வைத்திருப்பவன்தான், அதனால் நம்ம ஊர் மண்ணையும் மழையையும் வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி (லாஸ்பேட்டை வாசகி): அண்ணா, மூடாக்குக்கு எந்த மரம் நல்லது? நர்சரியில் சிவப்புச் சாயம் போட்ட மரச்சில்லு பை பையாக வைத்திருக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது. மரவாடியில் தூள் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: இரண்டையும் விட நல்லது உங்கள் பக்கத்திலேயே கிடக்கிறது அம்மா, சவுக்கு. மரக்காணத்திலிருந்து கடலூர் வரை கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புக்குக் குறைவே இல்லை. வெட்டும்போது கட்டை காகித ஆலைக்கும் சாரம் கட்டவும் போய்விடும், உரித்த பட்டையும் மிளாறும் ஊசிச் சருகும் தோப்பிலேயே கிடக்கும். அடுப்பெரிக்க எடுத்துப் போகிறவர்கள் இன்னும் உண்டு, அவர்களுக்கு மீந்ததைக் கேட்டால் தருவார்கள். பட்டை, பொடிக் குச்சி, சருகு எல்லாம் கலந்து, நகக்கண் அளவிலிருந்து விரல் நீளம் வரை ஒழுங்கில்லாமல் இருப்பதுதான் மூடாக்குக்கு ஏற்றது. நடுவில் காற்று போகும், தண்ணீர் இறங்கும், சீக்கிரம் மட்கிக் காணாமலும் போகாது. சவுக்குத் தோப்பு தூரம் என்றால், மழைக்காலத்துக்கு முன்னால் மின்கம்பிக்குக் கீழே கிளை கழிப்பார்களே, அப்போது வேம்பு, புங்கன், பூவரசு என்று எது கிடைத்தாலும் வாங்கி அரிவாளால் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். வேம்பு மாதிரி கெட்டி மரம் மெதுவாக மட்கும், முருங்கைக் கிளை ஒரு மழையிலேயே கூழாகிவிடும். அவ்வளவுதான் வித்தியாசம். தைலமரத்துப் பச்சைச் சில்லையும் இலையையும் மட்டும் நாற்றங்கால் பக்கம் கொண்டுபோகாதீர்கள், விதை முளைப்பைத் தடுக்கும். வளர்ந்த மரத்தடியில் போடலாம்.

சிவப்புப் பைக்கு வருவோம். சிவப்புக்கு பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுதான் சேர்ப்பார்கள், ஏறக்குறைய துரு என்று வைத்துக்கொள்ளுங்கள், கறுப்புக்குக் கரி. அந்தச் சாயத்தைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை. சாயத்துக்கு அடியில் என்ன மரம் இருக்கிறது என்பதுதான் என் சந்தேகம். பழைய பேக்கிங் கட்டையை அரைத்துச் சாயம் ஏற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது? பேக்கிங் கட்டை கையில் கிடைத்தால் அதில் சூட்டு முத்திரை இருக்கிறதா பாருங்கள். ‘எச்.டி.’ (HT) என்றிருந்தால் வெறும் சூடேற்றிப் பூச்சி கொன்றது, ‘எம்.பி.’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. ஆனால் அந்தக் கட்டையின் மேல் என்ன கொட்டியது என்று எந்த முத்திரையும் சொல்லாது, அதனால் ரசாயன டிரம் ஏற்றிய கட்டை வேண்டவே வேண்டாம். பிளைவுட், எம்.டி.எஃப். பலகை அறுத்த தூளும் வேண்டாம், அதில் பசை கலந்திருக்கும். பெயின்ட் அடித்த பழைய கதவு, பச்சைச் சாயல் தெரியும் மருந்து ஏற்றிய மரம் இவையும் வேண்டாம். கரையானுக்காக மரத்தில் ஏற்றும் பழைய மருந்து வகை ஒன்றில் தாமிரம், குரோமியத்தோடு ஆர்செனிக்கும் உண்டு. கத்தரிக்காய்க்கு அடியில் போடுகிற சமாச்சாரமா அது?

கேள்வி (நெல்லிக்குப்பம் வாசகர்): மரவாடியிலிருந்து நாலு மூட்டை மரத்தூள் கொண்டுவந்து மண்ணோடு நன்றாகக் கொத்திக் கலந்து மிளகாய், கத்தரி நட்டேன் சார். இருபது நாளில் செடியெல்லாம் மஞ்சளாகி அப்படியே நிற்கிறது. மரத்தூளில் விஷம் ஏதாவது இருக்குமா?

பதில்: விஷம் இல்லை. நான் செய்த அதே தப்பைச் செய்திருக்கிறீர்கள். பல வருஷத்துக்கு முன்னால் மண் ‘பொலபொல’வென்று ஆகட்டும் என்று தேக்குத்தூள் ஆறு சாக்கு கொத்திவிட்டு வெண்டை போட்டேன். வெண்டை முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை, இலையைப் பார்த்தால் எலுமிச்சம்பழ நிறம். பூச்சி, வைரஸ் என்று யார் யாரிடமோ கேட்டு மருந்துக்கடைக்கு வேறு பணம் அழுதேன். கடைசியில் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, “மரத்தை நீ ஏன் பூமிக்குள்ள புதைச்ச?” என்று கேட்டார்.

நடப்பது இதுதான். மரத்தூளில் கரிச்சத்து (கார்பன்) ஏராளம், தழைச்சத்து (நைட்ரஜன்) கிட்டத்தட்ட இல்லை. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 400 பங்கு கரிச்சத்து வரைகூட இருக்கும். மாட்டுச் சாணத்தில் இது 20, 25 பங்குதான். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தத் தூளைத் தின்ன ஆரம்பித்ததும் தங்கள் உடம்பு வளர்க்கத் தழைச்சத்து தேடும், தூளில் இல்லாததால் மண்ணில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும், அந்த மண்ணில்தான் உங்கள் மிளகாயும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. பந்தியில் அது கடைசி ஆள். தூள் மட்கி முடிந்ததும் அந்தச் சத்து மண்ணுக்கே திரும்பி வரும், ஆனால் அதுவரை மிளகாய் காத்திருக்காது.

இப்போது தூளைப் பொறுக்கி எடுக்க முடியாது. மல்லாட்டைப் (நிலக்கடலை) பிண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, நன்றாகத் தண்ணீர் சேர்த்து, வாரம் ஒரு முறை வேரடியில் ஊற்றுங்கள். மாட்டுக் கோமியம் கிடைத்தால் பத்துக்கு ஒன்றாகக் கலந்து ஊற்றலாம். இரண்டு மூன்று வாரத்தில் புதுத் துளிர் பச்சையாக வரும், பழைய இலையைப் பார்த்து வருத்தப்படாதீர்கள். இனிமேல் மரம் எதுவானாலும் மண்ணுக்கு மேலேயே கிடக்கட்டும். மேலே கிடந்தால் தூளும் மண்ணும் தொடுகிற அந்த மெல்லிய இடத்தில் மட்டும்தான் இந்தப் பற்றாக்குறை, வேர் அதற்குக் கீழே தன் பாட்டுக்கு வளரும். களை விதை முளைக்காமல் போவதற்கு அதுவும் கொஞ்சம் உதவும். உரம் வைக்கும்போது சில்லை ஒதுக்கிவிட்டு, மண்ணில் உரம் வைத்து, மறுபடி மூடுங்கள். மரத்தூளை மண்ணில் கலந்தே தீருவேன் என்றால் சாணத்தோடு அடுக்கி ஆறு மாதம், ஒரு வருஷம் மட்கவிட்டு, கறுத்து மண்வாசனை வந்த பிறகு கலக்கலாம். அப்போது அது மரத்தூள் இல்லை, உரம்.

உங்கள் ஊரில் ஆலைக் கரும்பு இருக்கும்போது நீங்கள் மரவாடிக்குப் போனதே எனக்கு ஆச்சரியம். கரும்புச் சோகையை (காய்ந்த தோகையை) வயலிலேயே கொளுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. இரண்டு கட்டு கேட்டு வாங்கி, சாண் நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள்.

கேள்வி (ரெட்டியார்பாளையம் வாசகர்): எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் பாத்தி. மரச்சில்லு போட்டால் கரையான் வந்து ஜன்னல் சட்டத்தைத் தின்றுவிடும் என்று வீட்டில் சண்டை. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் வீட்டம்மா சொல்வதில் முக்கால்வாசி சரி. சில்லு கரையானைப் பிறப்பிக்காது, அது ஏற்கெனவே உங்கள் மண்ணுக்குள் புற்று வைத்துக் குடியிருக்கிறது. ஆனால் ஈரமும் நிழலும் மரமும் ஒரே இடத்தில், அதுவும் சுவரை முட்டிக்கொண்டு கிடந்தால், அழைப்பிதழ் வைத்தது மாதிரிதான். கரையான் வெயில் படாமல் மண்ணால் சுரங்கம் கட்டிக்கொண்டு சுவரேறும், அந்த மண்வரியை நாம் கண்ணால் பார்த்தால் உடனே சுரண்டி எடுத்துவிடலாம். சுவரோடு சில்லைக் குவித்தால் அது கண்ணுக்கே தெரியாது, நிலைச்சட்டம் தட்டினால் ‘டொக்’ என்று சத்தம் வரும்போதுதான் தெரியும். ஆகவே சுவரிலிருந்து ஒரு அடிக்கு வெறும் தரை விடுங்கள், கருங்கல் ஜல்லி பரப்பினாலும் சரி. மாதம் ஒரு முறை குனிந்து பாருங்கள். சில்லில் கரையானைப் பார்த்ததும் பதறி மருந்தடிக்க வேண்டாம், செத்த மரத்தைத் தின்பது அதன் தொழில், தின்று மண்ணாக்கத்தானே நாமும் போட்டோம். ஆனால் புதிதாக நட்ட மா, கொய்யாக் கன்றுகள் தண்ணீர் காணாமல் வாடி நின்றால் அவற்றையும் பதம் பார்க்கும், அதனால் கன்றின் தண்டைச் சில்லு தொடவே கூடாது. வேப்பம்பிண்ணாக்கை மண்ணில் தூவிவிட்டு மேலே சில்லு போட்டால் கரையான் நடமாட்டம் குறையும். குறையும் என்றுதான் சொல்கிறேன், ஒழியும் என்று சொல்லவில்லை. வீட்டில் அதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர் வாசகி): எவ்வளவு கனம் போட வேண்டும், எத்தனை மூட்டை வாங்க வேண்டும்?

பதில்: சில்லு என்றால் மூன்று அங்குலம், மரத்தூள் என்றால் ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தூள் கனமாகக் கிடந்தால் மேலே அடை மாதிரி இறுகி, தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். சருகு படியும், நாலைந்து அங்குலம் போட்டால் ஒரு வாரத்தில் பாதியாகிவிடும்.

கணக்கு சுலபம். பத்தடிக்கு நாலடிப் பாத்தி, மூன்று அங்குலம் என்றால் கால் அடி. 10 × 4 × ¼ = 10 கன அடி. 50 கிலோ அரிசிச் சாக்கில் இரண்டேகால் கன அடி சுமாருக்குப் பிடிக்கும், ஆக நாலரை மூட்டை. ஐந்தாக வாங்குங்கள், அரை மூட்டை சுவரோர ரோஜாவுக்கு ஆகும்.

போடும் விதத்தில்தான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். செடித் தண்டைச் சுற்றி எரிமலை மாதிரி குவிக்கிறார்கள், தண்டு எப்போதும் ஈரத்திலேயே நின்று பட்டை அழுகும். நடுவில் ஒரு சாண் பள்ளமாக விட்டு, சுற்றிப் பரப்ப வேண்டும், கிண்ணம் மாதிரி. காய்ந்த மண்ணின் மேல் சில்லைப் போடாதீர்கள், மேலே போன தண்ணீரை எல்லாம் சில்லே குடித்துவிடும். முதல் நாள் பாத்தியை நன்றாக நனைத்து, களை பிடுங்கி, மறுநாள் போடுங்கள். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அது சில்லுக்கு அடியில் ஓட வேண்டும். கீரைப் பாத்திக்கு மரச்சில்லே வேண்டாம், விதை அதை முட்டிக்கொண்டு வெளியே வராது.

கேள்வி (அரியாங்குப்பம் வாசகர்): ஃபெஞ்சல் மழையில் நான் போட்ட சில்லு மொத்தமும் மிதந்து போய் பக்கத்து வீட்டு வாசலில் ஒதுங்கியது. அவர்களோடு இன்னும் பேச்சு இல்லை. மழைக்காலத்துக்கு மூடாக்கு தேவைதானா?

பதில்: 2024 நவம்பர் 30 ராத்திரி கரையேறிய புயல், நகராமல் புதுச்சேரி மேலேயே உட்கார்ந்துகொண்டு ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை அது, அதில் பைக்கே மிதந்தது, சில்லு எம்மாத்திரம். எங்கள் பக்கம் கதை வேறு. மழை விட்டு நிம்மதியாக மூச்சு விட்ட பிறகு, சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஊருக்குள் புகுந்தது. என் பாத்தியில் அடுத்த வாரம் சில்லுக்குப் பதில் ஒரு சாண் வண்டல்தான் இருந்தது. வண்டலில் வாழை பிரமாதமாக வந்தது என்பது தனிக் கதை.

புயலை விடுங்கள், சாதாரண ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கே நம் ஊரில் முழு மூடாக்கு வேண்டாம் என்பது என் கட்சி. புத்தகத்தில் வருஷம் முழுக்க மூன்று அங்குலம் என்று போட்டிருக்கும். நமக்கு வருஷத்து மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த மூன்று மாதமும் மண் காயவே வழியில்லாதபோது மேலே கம்பளி போர்த்தி என்ன பயன்? வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். பப்பாளி இரண்டு நாள் தேங்கிய தண்ணீரிலேயே போய்விடும். புரட்டாசிக் கடைசியில் பாத்தியில் மிச்சமிருப்பதை ஒரு அங்குலமாகக் கலைத்துவிடுங்கள், மழைத்துளி மண்ணை அடித்துக் கரைக்காமல் இருக்க அது போதும். கூடுதலாக இருப்பதை வாரி மேட்டில் உள்ள மரத்தடிக்குத் தள்ளுங்கள். தை பிறந்து, மண்ணில் இன்னும் ஈரம் இருக்கும்போதே புதுச்சில்லு மூன்று அங்குலம் போட்டுவிட்டால் கத்திரி வெயில் முடியும் வரை தாங்கும். எனக்கு இதில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றிய இடத்தில் நாலு நாளுக்கு ஒரு முறை போதும் என்றாகியிருக்கிறது, எங்கள் மண் மணல், செம்மண்காரர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கும்.

மிதப்பது பற்றி: வழவழப்பான கட்டைச் சில்லும் தேங்காய்ச் சிரட்டையும்தான் முதலில் கிளம்பும். மிளாறு, சோகை, தேங்காய் நார் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் சரக்கு அவ்வளவு சுலபமாகப் போகாது. பாத்தியைச் சுற்றித் தென்னை மட்டையைப் படுக்கவைத்து முளையடித்தால் ஒரு கரை ஆச்சு. பக்கத்து வீட்டுக்கு இரண்டு கொய்யாப் பழம் கொடுத்தனுப்புங்கள், அதற்கு மேல் எனக்கு வைத்தியம் தெரியாது.

கேள்வி (பண்ருட்டி வாசகர்): முந்திரி ஓடு மலை மாதிரி கிடக்கிறது, மூடாக்காகப் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்த ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும், முந்திரி உடைக்கிற பெண்களின் விரலைப் பார்த்திருப்பீர்களே. அதற்குப் பதில் முந்திரித் தோப்புச் சருகை வாருங்கள். தடித்த இலை, மெதுவாக மட்கும். பலா இலையும் அப்படியே.

கேள்வி (வில்லியனூர் வாசகி): சில்லைக் கிளறினால் அடியில் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை, மேலே குடைக்காளான், ஒரு மூலையில் மஞ்சளாக வாந்தி எடுத்த மாதிரி ஏதோ நுரை. செடிக்கு ஆபத்தா?

பதில்: மூன்றும் மரத்தை மட்கவைக்க வந்த கூலியாட்கள், சம்பளம்கூடக் கேட்க மாட்டார்கள். செடியை ஒன்றும் செய்யாது. மஞ்சள் நுரை இரண்டு மூன்று நாளில் தானே காய்ந்து பொடியாகும், அருவருப்பாக இருந்தால் மண்வெட்டியால் அள்ளிப் போடுங்கள். காளானை மட்டும் பறித்துக் குழம்பு வைத்துவிடாதீர்கள். சில்லைக் கையால் கிளறாமல் குச்சியால் கிளறுங்கள், பூரானுக்கும் தேளுக்கும் அந்த ஈரம் ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி (பாகூர் வாசகர்): ஒரு டிராக்டர் லோடு சில்லு வாங்கித் தென்னந்தோப்பு ஓரம் குவித்து வைத்திருக்கிறேன், எட்டு மாதம் ஆகிறது. கிளறினால் புளித்த வாடை வருகிறது, கட்டைவிரல் பருமனுக்கு வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கிறது. இதை இனிப் போடலாமா?

பதில்: முதலில் புழு. தலை பழுப்பாக, உடம்பு வெள்ளையாக, பிறை மாதிரி சுருண்டிருந்தால் அது அநேகமாகக் காண்டாமிருக வண்டின் குஞ்சு. மட்கிய மரத்திலும் எருக்குழியிலும்தான் அது வளரும், வளர்ந்து வண்டாகி நேராக உங்கள் தென்னங்குருத்துக்குள் போகும், பிறகு விரியும் மட்டையெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி இருக்கும். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் அடித்தபோது சாய்ந்த தென்னைகளை நம் பக்கம் எத்தனை பேர் மாதக்கணக்கில் அப்படியே போட்டிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தால் இப்போதும் பயமாக இருக்கிறது, அழுகும் தென்னங்கட்டைதான் அந்த வண்டுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. குவியலை இந்த வாரமே கலைத்துப் பரப்பிக் கோழியை விடுங்கள், ஒன்று விடாமல் பொறுக்கிவிடும். கோழி இல்லையென்றால் கையால் பொறுக்க வேண்டியதுதான். மேற்கொண்டு எரு சேர்க்கும் குழி இருந்தால் அதில் இந்தப் புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டின் பூஞ்சை வாங்கிக் கலக்கலாம், வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். மூன்று அங்குலப் பரப்பில் இந்தப் புழு தங்குவது கஷ்டம், ஆழமான ஈரக் குவியல்தான் அதற்கு வேண்டும்.

புளித்த வாடைக்குக் காரணம், நடுக்குவியலில் காற்று இல்லாமல் அமிலம் சேர்ந்திருக்கிறது. அதை அப்படியே இளஞ்செடிக்குப் போட்டால் ஒரே நாளில் இலை கருகும். அரை அடிக்குப் பரப்பி, தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு வாரம் காற்றாட விடுங்கள். முகர்ந்து பாருங்கள். புளிப்புப் போய் மழை பெய்த மண் வாசனை வந்திருந்தால் தாராளமாகப் போடலாம். அடுத்த தடவை ஒரு மாதத்துக்கு ஆகிற அளவு மட்டும் வாங்குங்கள்.

கேள்வி (தேவனாம்பட்டினம் வாசகி): எங்கள் கிணற்றுத் தண்ணீரில் லேசாக உப்பு. தொட்டி மண்ணின் மேலே வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. மூடாக்கு போட்டால் சரியாகுமா? மாடியில் தொட்டிதான் வைத்திருக்கிறேன்.

பதில்: பாதி சரியாகும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு மேலே தங்கிவிடுகிறது, அதுதான் அந்த வெள்ளை. மூடாக்கு போட்டால் ஆவியாவது குறையும், தண்ணீர் ஊற்றும் தடவையும் குறையும், அந்த அளவுக்கு உப்பு சேர்வதும் குறையும். ஆனால் சேர்ந்த உப்பை மூடாக்கு எடுத்துவிடாது, மழைத்தண்ணீரைத் தொட்டியில் அடிவரை இறங்கி வழிகிற மாதிரி ஊற்றிக் கழுவ வேண்டும், அதனால் மழைக்காலத்தில் தொட்டிகளைத் தகரத்துக்கு அடியில் ஒதுக்காமல் வெளியிலேயே விடுங்கள். தொட்டிக்கு ஒரு அங்குலச் சில்லு போதும். கடற்காற்றில் சருகும் தூளும் பறந்து கீழ்வீட்டுக்குப் போய்விடும், அதற்குத் தேங்காய் உரிமட்டையைத் துண்டு போட்டு, நார்ப்பக்கம் மண்ணைப் பார்க்கிற மாதிரி கவிழ்த்து வையுங்கள். மட்டையிலும் உப்பு இருக்கும் என்பதால் முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை ஊறவைத்துக் கொட்டிவிட்டுப் போடுங்கள், உங்கள் கிணற்றுத் தண்ணீரில் இல்லை, மழைத்தண்ணீரில்.